ஐந்தொகை போடத் தெரியும், அம்மாவிடம் கடனைச் சொல்லத் தெரியவில்லை

நீலகிரியிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவர். அப்பா இல்லை, அம்மா கொழுந்து எடுக்கிறார். ஊட்டியில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறார். அம்மா அனுப்பும் 2,000 ரூபாய், புதுமைப் பெண் திட்டத்தில் வரும் 1,000 ரூபாய், சீசனில் சாக்லேட் கடையில் வார இறுதி வேலை. இவ்வளவுதான் வரவு.

போன வருடம் தவணையில் ஒரு ஃபோன் வாங்கினார். மாதம் 1,650 ரூபாய். மழையில் கடைக்கு ஆள் வராமல் வேலை நின்றபோது தவணை கட்டக் காசில்லை. விளம்பரத்தில் வந்த ஒரு கடன் ஆப்பில் 5,000 ரூபாய் கேட்டார். பிராசஸிங் கட்டணம் என்று 1,750 பிடித்துக்கொண்டு 3,250 மட்டும் போட்டார்கள். ஏழே நாளில் 5,000 கட்டச் சொன்னார்கள். அதைக் கட்ட இரண்டாவது ஆப், அதைக் கட்ட மூன்றாவது. கைக்கு வந்தது மொத்தம் 9,750. அறை வாடகையைப் போட்டு, தோழியிடம் 2,500 வாங்கி, இதுவரை கட்டியது 14,000. இன்னும் 21,000 பாக்கி என்கிறார்கள். கட்டாவிட்டால் படத்தை ஆபாசமாக மாற்றி, ஃபோனில் இருக்கும் எல்லா எண்ணுக்கும் அனுப்புவோம் என்று மிரட்டுகிறார்கள்.

இதற்கிடையில் சீனியர் ஒருவர், "உன் பேங்க் அக்கவுண்டையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் என்னிடம் கொடு, மாதம் 3,000 தருகிறேன்" என்கிறாராம். அறைத் தோழி ஒருத்தி 2,000 ரூபாய் போட்டு, பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஆப்ஷன் டிரேடிங் செய்தால் மீண்டுவிடலாம் என்கிறாளாம். கடிதத்தின் கடைசிப் பகுதி இது: "காமர்ஸ் படிக்கிற எனக்கே இப்படி ஆகிவிட்டது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. போலீஸ் வந்துவிடுமோ, அம்மா சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயம். சில ராத்திரி எதற்கு இருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது. அறையில் ஆறு பேர் இருக்கிறோம். பணத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ள எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் பணமே இல்லாதவர்களுக்கு அந்தப் படிப்பு எதற்கு மேடம்?"

அன்புள்ள மகளுக்கு,

நீ என் இளைய மகளைவிடச் சின்னவள். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். 34 வருடம் வங்கியில் வேலை பார்த்தேன், அதில் கடைசி எட்டு வருடம் இந்த மலையில்தான். இப்போது கல்லூரிப் பிள்ளைகளோடு பணத்தைப் பற்றிப் பேசுவதே என் வேலை.

அந்த ராத்திரி வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மறுபடி அப்படித் தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காதே. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் 104-ம் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் தூங்கும் தோழியை எழுப்பு. இது தீரக்கூடிய கடன். எப்படித் தீரும் என்று கணக்கோடு சொல்கிறேன்.

நீ மொத்தக் கடன் 38,050 என்று எழுதியிருக்கிறாய். அதுதான் முதல் தவறு. கூட்டல் சரி, ஆனால் கூட்டக் கூடாதவற்றைக் கூட்டியிருக்கிறாய். ஃபோன் தவணை, விட்டுப்போன இரண்டையும் சேர்த்து இன்னும் ஏழு, அது 11,550. தோழிக்கு 2,500. வாடகை பாக்கி 3,000. இந்த 17,050 நீ கட்டவேண்டிய கடன். ஆப்காரர்கள் சொல்லும் 21,000 வேறு சங்கதி, அதை இந்தப் பக்கத்தில் எழுதாதே.

மிரட்டுகிறவர்களுக்கு இனி ஒரு ரூபாயும் போகக் கூடாது

3,250 கொடுத்து ஏழு நாளில் 5,000 கேட்பது, ஒரு வாரத்துக்கு 53 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி. பத்து வட்டிக்குக் கொடுப்பவரைக் கந்துவட்டிக்காரர் என்று ஊரே சொல்லும், அது மாதத்துக்கு 10 விழுக்காடு. அதற்கே 2003-ல் தமிழ்நாடு சட்டம் போட்டிருக்கிறது.

ஆப் மூலம் கடன் கொடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி வகுத்துவிட்டது. எந்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பணம் என்று சொல்ல வேண்டும். கட்டணம் உட்பட ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு வட்டி என்று எழுதிய விவரத்தாளைக் கடனுக்கு முன்பே தர வேண்டும். வேண்டாம் என்று மனம் மாறினால் அபராதமில்லாமல் திருப்பிக்கொடுக்க அவகாசம் தர வேண்டும். உன் ஃபோனில் உள்ள எண்களையும் படங்களையும் தொடவே கூடாது. கடன் ஆப் ஒன்று தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டாலே அது விதியை மீறுகிறது என்று தெரிந்துகொள். 2025 ஜூலையிலிருந்து, முறையான நிறுவனங்களுக்காக இயங்கும் ஆப்களின் பட்டியலையும் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. நீ எழுதிய மூன்று பெயரையும் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அதில் இல்லை. நிறுவனத்தின் பெயரும் இல்லை, விவரத்தாளும் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். வாங்கியது 9,750, கட்டியது 14,000. இனியும் கொடுத்தால் நிறுத்துவார்கள் என்று நினைக்காதே. கொடுக்கிறவரைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மிரட்டல் செய்தி, வந்த எண்கள், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அறைத் தோழி ஒருத்திக்கு அனுப்பி வை. அப்புறம் அந்த ஆப்களுக்குக் கொடுத்த அனுமதிகளை எடுத்துவிட்டு அவற்றை நீக்கு. யுபிஐயில் அவர்களுக்குத் தானாகப் பணம் போகும் ஆட்டோபே இருந்தால் ரத்து செய், ஃபோன் தவணைக்கு உள்ளதைத் தொடாதே. சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிட்டுச் சொல், மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதிவு செய். ஊட்டியில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, தோழியைக் கூட்டிக்கொண்டு நேரிலும் போகலாம். மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. ஆன்லைனில் கடன் கொடுப்பவர்களும் அதற்குள் வருவார்கள்.

இன்னொன்று, கேட்கச் சங்கடமாக இருக்கும். உன் ஃபோனில் உள்ள முக்கியமானவர்களுக்கு நீயே முந்திக்கொண்டு ஒரு செய்தி அனுப்பு: "ஒரு மோசடி கடன் ஆப் என் ஃபோன் விவரங்களை எடுத்துவிட்டது. என் பெயரில் பொய்ப் படம் ஏதாவது வந்தால் நம்ப வேண்டாம், திறக்காமல் எனக்குத் தெரிவியுங்கள். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்." அவ்வளவு போதும். அவர்கள் கையில் இருப்பது உன் பயம் ஒன்றுதான். நீயே சொல்லிவிட்டால் அதுவும் அவர்களிடம் இருக்காது.

போலீஸ் வருமா, அம்மா சம்பளத்தில் கை வைப்பார்களா

கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, அது சிவில் விவகாரம். ஏமாற்றும் எண்ணத்தோடு பொய் ஆவணம் கொடுத்து வாங்கினால் குற்றமாகும். நீ அப்படிச் செய்யவில்லை. உனக்கு 18 முடிந்துவிட்டது, உன் கடன் உன்னுடையது. அம்மா ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை அவரிடம் ஒரு பைசா கேட்க யாருக்கும் உரிமையில்லை. எஸ்டேட் சம்பளத்தில் பிடிப்போம் என்பது வெறும் மிரட்டல்.

ஆனால் ஃபோன் தவணையை அலட்சியமாக விடாதே. அது பதிவுபெற்ற நிதி நிறுவனம், நீ ஒப்புக்கொண்டு வாங்கிய கடன். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பிப் போனால், செக் திரும்பினால் போடுவது போன்ற வழக்குப் போட 2007-ம் வருடத்துச் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டு தவணைக்காக உடனே ஓடிவந்து வழக்குப் போடுவார்கள் என்று சொல்லவில்லை. பேசாமல் இருந்துவிடாதே என்பதற்காகச் சொல்கிறேன். நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுது: மாணவி, வேலை நின்றுவிட்டது, விட்டுப்போன இரண்டு தவணையை இந்தத் தேதிகளில் கட்டுகிறேன், அபராதத்தைத் தள்ளுபடி செய்யுங்கள், கணக்கு விவரம் அனுப்புங்கள். தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாம். அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது 2024 முதல் நடப்பில் இருக்கும் விதி. வசூலுக்குக் கூப்பிடுகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448-ல் விவரம் கிடைக்கும். வக்கீல் தேவைப்பட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே ஏற்பாடு செய்யும். பெண்களுக்கு அதில் வருமான வரம்பு கிடையாது. எண் 15100.

இனி எந்த லோனும் கிடைக்காது என்று பயப்படவும் வேண்டாம். இரண்டு தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் குறையும், ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தால் மெல்ல ஏறும். வருடத்துக்கு ஒரு தடவை உன் கடன் அறிக்கையை இலவசமாகவே வாங்கிப் பார்க்கலாம். உன் பெயரில் தெரியாத கடன் ஏதாவது ஓடுகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். இந்த மாதமே எடுத்துப் பார்.

ஏடிஎம் கார்டை யாரிடமும் கொடுக்காதே

நீ கேட்டவற்றில் எனக்கு மிகவும் கவலை தந்தது சீனியரின் யோசனைதான். "என் காசு ஒன்றும் அதில் இல்லையே, போனால் என்ன" என்று எழுதியிருக்கிறாய். போவது காசு அல்ல மகளே. எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணம் உன் கணக்கில் விழும், சில நிமிடத்தில் வேறு கணக்குக்குப் போய்விடும். பணத்தை இழந்தவர் 1930-ல் புகார் கொடுத்ததும் போலீசுக்குக் கிடைக்கும் முதல் பெயர், முதல் ஃபோட்டோ, முதல் ஆதார் எண் உன்னுடையது. சிம்மும் உன் பெயரில். சீனியரின் பெயர் எங்கேயும் இருக்காது.

நான் கிளையில் இருந்தபோது ஒரு பையன் வந்து நின்றான். முதலாம் வருட மாணவன், குளிரில் காதுவரை மஃப்ளர் சுற்றியிருந்தான். உதவித்தொகை வந்திருக்கிறது, எடுக்க முடியவில்லை என்றான். கணக்கைத் திறந்து பார்த்தால் வெளிமாநிலப் போலீஸ் முடக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்காகக் கார்டைக் கொடுத்திருந்தான். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது, விசாரணைக்கு அங்கே வரச் சொல்லியிருந்தார்கள். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, "மேடம், நான் ஒன்னும் பண்ணலையே" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உனக்குப் புதுமைப் பெண் பணம் விழுவதும் அதே கணக்கில்தானே?

ஒருவேளை கார்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே வங்கிக்குப் போய்க் கார்டை முடக்கு. சிம்மைத் தடுக்கச் சொல். நடந்ததை எழுதிக் கொடுத்து, நகலில் வங்கி முத்திரை வாங்கி வைத்துக்கொள். போலீசுக்கும் நீயே போய்ச் சொல்.

ஆப்ஷன் டிரேடிங் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2021-22 தொடங்கி மூன்று நிதியாண்டுக் கணக்கை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி எடுத்துப் பார்த்தது. பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினருக்கு நஷ்டம். எல்லோரும் சேர்ந்து இழந்தது 1.8 லட்சம் கோடிக்கும் மேல். 2023-24-ல் அதில் இறங்கியவர்களில் 43 விழுக்காட்டினர் 30 வயதுக்குள் இருப்பவர்கள். கடனில் இருப்பவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. தோழியிடமும் சொல்.

அம்மாவிடம் சொல்வதா

சொல்ல வேண்டும். மிரட்டல் செய்தி அவருக்குப் போவதற்கு முன்னால் உன் வாயிலிருந்து போக வேண்டும். ஃபோனில் வேண்டாம், சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்விடு.

அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எஸ்டேட்டில் சம்பளம் போட்ட மறுநாள் எங்கள் கிளையில் நிற்க இடம் இருக்காது. மழையில் நனையாமல் பால் கவருக்குள் பாஸ்புக்கை வைத்து எடுத்துவரும் ஓர் அம்மா உண்டு. விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. பதிவு போட்டுக் கொடுத்ததும் நகர மாட்டார், ஒவ்வொரு வரியாக நகத்தால் தொட்டுக்கொண்டே வருவார். ஒருநாள் நிமிர்ந்து, "இந்தப் பதினேழு ரூபாய் எழுபது காசு எதுக்கும்மா?" என்று கேட்டார். எஸ்எம்எஸ் கட்டணம் மூன்று மாதத்துக்கு 15 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 2 ரூபாய் 70 காசு. அன்றைக்கு வந்தவர்களில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். உன் அம்மாவும் தினம் நிறுவை முடிந்ததும் கிலோவைச் சரிபார்க்கிறவர், சுய உதவிக் குழு நோட்டில் சந்தாவும் வட்டியும் எழுதுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். 1,750 பிடித்தது ஏன் என்ற கேள்வியை அவர் நிச்சயம் கேட்டிருப்பார். உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உன் வீட்டிலேயே ஒரு கணக்காளர் இருக்கிறார், அவரைச் சேர்த்துக்கொள் என்பதற்காகச் சொல்கிறேன்.

போகும்போது ஒரு தாளை எழுதி எடுத்துப் போ. யாருக்கு, கையில் வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. தேர்வில் ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட் போடுகிறவள்தானே, உனக்கே ஒன்று போட்டுக்கொள். கடன்பட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னால் அம்மா பதறிப்போவார். 17,050, இதை இப்படித்தான் அடைக்கப்போகிறேன் என்றால் உட்கார்ந்து கேட்பார். ஒன்றில் மட்டும் உறுதியாக இரு: உனக்காக அவர் வாரத் தவணைக் கடன் எதுவும் எடுக்கக் கூடாது. சுய உதவிக் குழுவில் குறைந்த வட்டிக்கு உள்கடன் கிடைத்தால், வாடகை பாக்கிக்கும் விட்டுப்போன இரண்டு தவணைக்கும் மட்டும் வாங்கலாம். அது 6,300 ரூபாய். சீசன் சம்பளத்தில் தோழியின் 2,500-ஐ முதலில் கொடுத்துவிடு.

பணமில்லாதவர்களுக்கு எதற்கு அந்தப் படிப்பு

பணம் நிறைய இருப்பவர் 1,750 ரூபாயை இழந்தால் மறந்துவிடுவார். உனக்கு அது ஒரு மாதத் தவணைக்கும் மேல். அதனால் அந்தப் படிப்பு உனக்குத்தான் அவசரம். வெட்கப்படவும் வேண்டாம். 2019-ல் தேசிய நிதிக் கல்வி மையம் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், போதுமான நிதி அறிவு இருந்தது 27 விழுக்காட்டினரிடம்தான். கம்பெனிக் கணக்கு எழுதப் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள், ஒரு கடன் விவரத்தாளைப் படிக்க எங்கே சொல்லித் தருகிறார்கள்?

ஆறு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். போன மாத யுபிஐ பட்டியலைத் திறந்து, ஒரு ரூபாய் விடாமல் கூட்டுங்கள். நான் கல்லூரிகளில் இதைச் செய்யச் சொல்வதுண்டு. ஐந்து நிமிடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். டீ, வர்க்கி, டாப்அப், பிறந்தநாள் பங்கு. 20, 40 என்று போனதெல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று அவர்களுக்கே அப்போதுதான் தெரியும். யாரையும் டீ குடிக்காதே என்று நான் சொல்வதில்லை. எழுதிப் பார்த்தபின் எதைக் குறைப்பது என்று அவரவருக்கே தெரிந்துவிடும்.

நம் ஊருக்கு வேண்டிய ஒரு பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மலையில் வருமானம் மாதக் கணக்கில் வருவதில்லை. ஏப்ரல், மே சீசன், அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன். நடுவில் மழை, பின்னால் உறைபனி. கொழுந்தும் அப்போது குறையும். தவணை மாதாமாதம் வரும், சீசன் மாதாமாதம் வராது. நீ மாட்டியது அந்த இடைவெளியில்தான். ஆகவே வரவு செலவை 12 மாதத்துக்குச் சேர்த்துப் போடு. மே மாதச் சம்பளத்தில் பாதி ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் உரியது என்று அப்போதே எடுத்து வைத்துவிடு. கடன் அடையும்வரை வேறு சேமிப்பு வேண்டாம். அடைந்தபின் தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலேயே ஆர்.டி. என்ற மாதச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். அது ஐந்து வருடத்துக்கு, அதனால் சீசன் இல்லாத மாதத்திலும் கட்ட முடிகிற தொகையாகப் போடு. ஏலச்சீட்டில் சேர யாராவது கூப்பிட்டால், 1982-ம் வருடத்துச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேள், பதிவு எண்ணைக் காட்டச் சொல்.

அடுத்த கட்டமாக, செபிக்காகத் தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனமான நிஸ்ம் நடத்தும் முதலீட்டாளர் சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது. கட்டணம் இல்லை, பாடமும் இணையத்திலேயே கிடைக்கும். பி.காம். படிக்கிறவர்களுக்கு வேலை தேடும்போதும் கைகொடுக்கும். ரிசர்வ் வங்கி ஒவ்வொரு வருடமும் நிதிக் கல்வி வாரம் நடத்துகிறது. அந்தச் சமயத்தில் உங்கள் துறைத் தலைவரிடம் சொல்லி வங்கியிலிருந்து ஆளைக் கூப்பிடுங்கள். பேச்சோடு விட்டுவிடாமல் நிஜமான கடன் விவரத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள்.

புகார் எண் கிடைத்ததும் எனக்கு எழுது. ஃபோன் நிறுவனத்திலிருந்து கணக்கு விவரம் வந்தால் அதையும் அனுப்பு, ஆனால் ஓடிபி, கார்டு எண் எதையும் அனுப்பாதே. அபராதம் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.